காது, மூக்கு, தொண்டை ஓ.பி. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? இராமநாதபுரம் கடற்கரை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையில் காதுவலி, மூக்கடைப்பு, தொண்டைக்கட்டு என்று ஓ.பி. சீட்டுப் போடாத குடும்பம் அரிது. அந்தச் சீட்டுகளை அரசு மருத்துவமனை ஜன்னலுக்கு உள்ளே நின்று வாங்கிப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர் நான். வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது கேட்கிறவர்களுக்கு முழுப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மருத்துவர் உங்களை நேரில் பார்த்து எழுதிய மருந்தை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். சந்தேகம் வந்தால் சீட்டோடு அவரிடமே போய்க் கேளுங்கள்.

மருந்து எழுதும் முறையை எதை வைத்து அளக்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 1993-இல் ஐந்து அளவுகோல்களை வகுத்தது. ஒரு சீட்டில் சராசரியாக எத்தனை மருந்து, எத்தனை மருந்துகள் பொதுப்பெயரில் (கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில்) எழுதப்படுகின்றன, நூறு சீட்டில் எத்தனையில் ஆன்டிபயாட்டிக், எத்தனையில் ஊசி, எழுதியவற்றில் எத்தனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை என்பவையே அவை. சராசரி மருந்து எண்ணிக்கை 1.6 முதல் 1.8 வரை, ஆன்டிபயாட்டிக் 20 முதல் 26.8 சதவீதம், ஊசி 13.4 முதல் 24.1 சதவீதம் என்று இருந்தால் நல்லது என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் வரம்பு. பொதுப்பெயரும் அத்தியாவசியப் பட்டியலும் நூற்றுக்கு நூறு இருக்க வேண்டும்.

இந்தியாவில் மருத்துவக் கல்லூரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் இப்படிச் சீட்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. பெரும்பாலானவற்றில் சராசரி இரண்டைத் தாண்டுகிறது, ஆன்டிபயாட்டிக்கும் வரம்பைத் தாண்டுகிறது. சீழ் வடியும் காதும் வீங்கிய டான்சிலும் தேடி வரும் பிரிவு இது. பொது மருத்துவத்தைவிட இங்கே ஆன்டிபயாட்டிக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்புதான். ஆனால் சாதாரணச் சளிக்கும் அதே மருந்து போகும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மூன்று நாள் சளிக்கு ஐந்து மருந்து தேவையா?

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். முப்பது வயதுக்காரர். மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது, லேசான தொண்டைவலி, காய்ச்சல் இல்லை. சீட்டில் அசித்ரோமைசின் 500, லெவோசெட்ரிசினும் மாண்டிலூகாஸ்ட்டும் சேர்ந்த மாத்திரை, அசெக்ளோபெனாக்–பாரசிட்டமால்–செரேஷியோபெப்டிடேஸ் கலவை, பான்டோபிரசோல், மூக்குச் சொட்டு. தனியார் கிளினிக்குகளிலிருந்து வரும் சீட்டுகளில் இந்த வரிசை அடிக்கடி கண்ணில் படும்.

முதல் வரி வேண்டியதில்லை. இந்தச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. இரண்டாவதில் லெவோசெட்ரிசின் தும்மலையும் மூக்கு ஒழுகுவதையும் குறைக்கலாம். உடன் ஒட்டிக்கொண்டு வரும் மாண்டிலூகாஸ்ட் சாதாரணச் சளிக்கு உதவாது. கெட்ட கனவு, மனக்கலக்கம், மனச்சோர்வு வரக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துக்கு அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. ஒவ்வாமை மூக்கொழுகலுக்குக்கூட வேறு மருந்து கேட்காதபோதுதான் இதைத் தர வேண்டும் என்றும் சொன்னது. மூன்றாவது வரியில் செரேஷியோபெப்டிடேஸ் வீக்கத்தை வற்றச் செய்யும் என்ற நம்பிக்கையில் சேர்க்கப்படுகிறது. பலன் நிரூபிக்கப்படாததால் அது பிறந்த நாடான ஜப்பானிலேயே 2011-இல் அதை விலக்கிக்கொண்டார்கள். வலிக்குப் பாரசிட்டமால் தனியாகவே போதும். அசெக்ளோபெனாக் என்ற இன்னொரு வலி மருந்து இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் பயமும் இல்லை. பிறகு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலுக்கு இங்கே என்ன வேலை?

ஆக, பாரசிட்டமாலும் தேவைப்பட்டால் சில நாள் மூக்குச் சொட்டும் மிஞ்சும். ஆவி பிடிக்கலாம், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். ஒரு வாரம், பத்து நாளில் சளி தானாக அடங்கும்.

வயதானவர், குடல்புண் வந்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கணக்கு மாறும். அவர்களுக்கு அசெக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரை எழுதுவதற்கே மருத்துவர் யோசிப்பார், எழுதினால் வயிற்றுக்கும் சேர்த்துத்தான் எழுதுவார்.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக் எப்போதுதான் தேவை?

தொண்டையில், இருமல் இல்லாமல் நல்ல காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறி என்று சேர்ந்து வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் சந்தேகிப்பார்கள். அதற்குப் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின். பத்து நாள் என்று எழுதியிருந்தால் பத்து நாளும் சாப்பிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கிருமியை அரைகுறையாக விட்டால் பிள்ளைகளுக்குப் பின்னாளில் மூட்டுவாதக் காய்ச்சலாகி இதய வால்வைப் பாதிக்கலாம்.

சைனஸ் என்றால், பத்து நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்த மாதிரி இருந்து மறுபடி அதிகமானது, அல்லது 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் முகவலியும் சீழ்ச்சளியும் மூன்று நான்கு நாளாக விடவில்லை என்றால்தான் பாக்டீரியா என்று கருதலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது மட்டும் காரணமாகாது. அந்த நிறம் உடம்பின் வெள்ளையணுக்களால் வருவது.

அமாக்சிசிலின் பழைய மருந்து, வீரியமான புதியதைத் தரக் கூடாதா?

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது: முதலில் கையில் எடுக்க வேண்டியவை, கவனத்தோடு தர வேண்டியவை, கடைசிக்கட்டத்துக்காகப் பூட்டி வைக்க வேண்டியவை. அமாக்சிசிலின் முதல் வகை. அசித்ரோமைசின், செபிக்ஸிம், சிப்ரோபிளாக்சசின் எல்லாம் இரண்டாவது வகை. காது மூக்கு தொண்டைக் கிருமிகள் பலவற்றுக்கு முதல் வகையே போதுமானது. மூன்று நாளில் முடிந்துவிடும் என்ற ஒரே வசதிக்காக அசித்ரோமைசினைக் கேட்டு வாங்காதீர்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் மட்டும் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் அந்த மாற்று மருந்து.

கடலில் பாசி எடுக்கப் போகிறேன். காது ஓயாமல் அரிக்கிறது, கறுப்புத் துகள் வருகிறது. போன முறை தந்த சொட்டில் குணமாகவில்லை. ஏன்?

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மணிக்கணக்காகத் தலையை நீருக்குள் வைத்திருக்கும் தொழில். காதுத் துவாரம் காய்வதே இல்லை. காதைக் காக்கும் மெழுகு கரைந்துபோகிறது, தோல் ஊறிவிடுகிறது. அந்த ஈரத்திலும் வெப்பத்திலும் பூஞ்சை வளர்கிறது. நனைந்த செய்தித்தாள்போல வெள்ளையாகத் திரண்டு, மேலே கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை.

இதற்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்து, பூஞ்சை இன்னும் தழைக்கும். சொட்டு விட விட அரிப்பு கூடுகிறது என்று சொல்கிறவர்கள் பலருக்கு இதுதான் நடந்திருக்கிறது. கடையில் காதுக்கென்று கேட்டால் நீட்டப்படுவது பெரும்பாலும் குளோராம்பெனிகால், பெக்லோமெத்தசோன், குளோட்ரிமசோல், லிக்னோகைன் நான்கும் கலந்த ஒரே குப்பி. பாக்டீரியாவா பூஞ்சையா என்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் ஒன்றைத் தருவது நோயைக் கண்டுபிடிப்பதாகாது.

முக்கியமான மருத்துவம் சீட்டில் எழுத முடியாதது. மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்து, அந்தத் திரளை உறிஞ்சியோ துடைத்தோ முழுவதும் எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் விடும் சொட்டு தோலுக்குப் போய்ச் சேராது. சுத்தம் செய்த பிறகு பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் சொட்டைச் சொன்ன நாள்வரை விட வேண்டும், அரிப்பு நின்றுவிட்டதென்று இடையில் நிறுத்தக் கூடாது. அதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். ஒரு தடவை சுத்தம் செய்து தீராவிட்டால் மறுபடி வரச் சொல்வார்கள். பஸ் செலவை நினைத்து அதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போகிறவர்களுக்கு நடுவில் கடலுக்குப் போகாத நாட்கள் கிடைக்கும். சிகிச்சையை அந்த இடைவெளியில் தொடங்குங்கள். கரையேறியதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, காது மடலைப் பின்னுக்கு இழுத்து நீரை வடியவிட்டு, காய்ந்த துணியால் வெளிக்காதை ஒற்றி எடுங்கள். குச்சி, ஊக்கு, பஞ்சு முனைக்குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது.

காதில் சீழ் வருகிறது. மாத்திரை தராமல் சொட்டு மட்டும் தந்தார்கள், அது போதுமா?

போதும், பெரும்பாலும் அதுவே சரி. செவிப்பறையில் ஓட்டை விழுந்து மாதக்கணக்கில் வடியும் காதுக்கு, சிப்ரோபிளாக்சசின் அல்லது ஆப்லாக்சசின் சொட்டுதான் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது. வாய்வழி போகும் மருந்தைவிடப் பல மடங்கு செறிவாக அது சீழ் இருக்கும் இடத்திலேயே சேர்கிறது. ஓட்டை இருக்கும் காதில் ஜென்டமைசின், நியோமைசின் சேர்ந்த சொட்டை நாளெல்லாம் விட்டால் மருந்து உட்காதுக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே கெடுக்கலாம். உறவினர் வீட்டில் மிச்சமிருந்த குப்பியை வாங்கி விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சொட்டு விடும் முறையில்தான் பாதி பலன். குப்பியை உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வைத்து இளஞ்சூடாக்குங்கள், ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். சீழைச் சுத்தமான துணித்திரியால் ஒற்றி எடுங்கள். ஒருக்களித்துப் படுத்து, பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக, சின்னக் குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுத்து விடுங்கள். துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை நாலைந்து தடவை அமுக்கினால் மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இந்தக் காதோடு கடலில் முங்கக் கூடாது. இராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போதும் கவனம் வேண்டும்: வாசலைன் தடவிய பஞ்சைக் காதுத் துவாரத்தில் அடைத்துக்கொண்டு போங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் காய்ச்சி விடுவது, பூண்டு எண்ணெய் விடுவது இரண்டும் ஓட்டையுள்ள காதுக்குக் கெடுதல்.

சங்கு குளிக்கிறேன். மூக்கடைப்போடு இறங்க வேண்டியிருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா?

இறங்காதீர்கள். ஆழம் கூடக் கூட வெளியழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்தால்தான் அது சமமாகும். சளியில் அந்தக் குழாய் அடைத்திருக்கும். மருந்தின் பலத்தில் இறங்கியவருக்கு அடியில் இருக்கும்போது அதன் பலன் தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காது கிழியும்.

மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமப்படுத்துவதை வலி வருவதற்கு முன்பே, இறங்கும்போது அடிக்கடி செய்ய வேண்டும். வலிக்கத் தொடங்கினால் முக்கி ஊதாமல் கொஞ்சம் மேலே வாருங்கள். காதிலிருந்து ரத்தம் வந்தால் எந்தச் சொட்டும் விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை நீர் படாமல் காப்பதுதான் அதற்கு மருந்து.

மூக்கு ஸ்பிரே பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

இரண்டு வகை உண்டு. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் இரண்டும் விட்ட சில நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தே மூக்கை அடைக்கும், பிறகு அது இல்லாமல் தூங்க முடியாது. பழக்கமாவது இதுதான். புளூட்டிகசோன், மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு. கருவாட்டுத் தூசி, வீட்டுத் தூசி என்று ஆண்டு முழுக்கத் தும்முகிறவர்களுக்கு இதுதான் முதல் மருந்து. உடனே திறக்காது, முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம், அதற்குள் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். தலையைச் சற்று முன்னே குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்புறமாக அடியுங்கள். நடுவில் அடித்தால் மூக்கில் ரத்தம் வரும்.

தும்மல் மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது. இரவில் கடலுக்குப் போகலாமா?

சி.பி.எம். என்று நாம் சொல்லும் குளோர்பெனிரமைன் நன்றாகவே தூக்கம் தரும், செட்ரிசின் சிலருக்குத் தரும். சுக்கான் பிடிக்கிறவர், வலை இழுக்கிறவர் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லுங்கள். லோரட்டடின், பெக்சோபெனடின் போன்ற தூக்கம் குறைந்தவை இருக்கின்றன. மது அருந்திவிட்டு இந்த மாத்திரைகளைப் போடவே கூடாது.

குழந்தைக்குச் சளி. என்ன சிரப் வாங்கலாம்?

நீங்களாக எதையும் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் நம் தமிழ்நாட்டில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் தரக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. குளோர்பெனிரமைனும் பினைல்எப்ரினும் கலந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று அட்டையில் அச்சிட வேண்டும் என்பது 2023 டிசம்பரிலேயே வந்த உத்தரவு.

உப்புநீர் மூக்குச் சொட்டு, தாய்ப்பால், காய்ச்சலுக்கு எடை பார்த்துப் பாரசிட்டமால். இவை போதும். மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

தலைச்சுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடலாமா?

படுக்கையில் புரண்டால் சில விநாடி சுற்றும் கிறுகிறுப்புக்கு மாத்திரையைவிட, மருத்துவர் தலையைத் திருப்பிச் செய்யும் எப்ளி பயிற்சியே சிறந்தது. சில நிமிட வேலை. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை கடுமையான சுற்றலுக்குச் சில நாள் மட்டுமே. நீண்ட நாள் சாப்பிடும் முதியவர்களுக்குக் கை நடுக்கம், நடை தளர்ச்சி வருகிறது. பழைய சீட்டைக் காட்டியே திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஊசி போட்டால்தானே சீக்கிரம் குணமாகும்?

சளி, தொண்டைவலிக்கு ஊசியால் எந்த வேகமும் கூடுவதில்லை. விழுங்க முடியாதவருக்கும் வாந்தி நிற்காதவருக்கும் தீவிரத் தொற்றுக்கும்தான் அது.

மீன் முள் தொண்டையில் குத்திவிட்டது. சோற்று உருண்டை விழுங்கினேன், பிறகும் குத்துகிறது.

இனி உருண்டையோ வாழைப்பழமோ வேண்டாம். முள் இன்னும் ஆழமாக இறங்கும். பெரும்பாலும் டான்சிலிலோ நாக்கின் அடியிலோதான் குத்தி நிற்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கும் இடுக்கியும் வைத்து எடுத்துவிடுவார். எடுத்துவிட்டால் பலருக்கு மருந்தே தேவையில்லை. எக்ஸ்ரேயில் எல்லா முள்ளும் தெரியாது, ஆகவே படத்தில் ஒன்றுமில்லை என்றாலும் குத்தல் நிற்காவிட்டால் மறுபடி காட்டுங்கள். எச்சில் விழுங்க முடியவில்லை, கழுத்து வீங்குகிறது, காய்ச்சல், நெஞ்சுவலி என்றால் அது அவசரம்.

அரசு மருத்துவமனை மாத்திரைக்கு வீரியம் குறைவா?

இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அது மொத்தமாக வாங்கும் மருந்துகளின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறியவற்றையே மருத்துவமனைகளுக்கு விடுகிறது. அட்டையில் கம்பெனி அலங்காரம் இருக்காது, உள்ளே அதே அமாக்சிசிலின்தான். எங்கள் ஜன்னலில் பொதுப்பெயரே எழுதப்படுவதால் ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டிப்பாகச் சாப்பிடும் ஆபத்தும் குறைகிறது. வெளியே வாங்க வேண்டியிருந்தால் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் பொதுப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கும்.

சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கினால் என்ன?

ஆன்டிபயாட்டிக் அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ‘எச் 1’ பட்டியலில் செபிக்ஸிம், செபோடாக்சிம் போன்றவை இருக்கின்றன. அவற்றை விற்கும் கடை, வாங்கியவர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று வெட்டி வாங்குவதால்தான் கிருமி மருந்துக்குப் பழகிப்போகிறது. அடுத்த முறை உங்கள் பிள்ளைக்கு வரும் காதுசீழில் அந்த மருந்து கேட்காது.

எதற்கெல்லாம் அன்றைக்கே போக வேண்டும்?

காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னே தள்ளினால். சீழ்க்காதோடு முகம் ஒரு பக்கம் கோணினால். சர்க்கரை நோயாளிக்கு இரவில் தூங்க விடாத காதுவலி வந்தால், ஏனென்றால் அவர்களுக்கு அந்தத் தொற்று மண்டையோட்டு எலும்புக்குப் பரவலாம். இவற்றுக்குச் சொட்டு விட்டுப் பார்க்கும் நேரமில்லை.

இன்னொன்று, வலி இல்லாததால் பலரும் விட்டுவிடுவது: காலையில் எழுந்தால் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை. குறும்பி அடைத்திருக்கும் என்று எண்ணி எண்ணெய் விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கிறார்கள். குறும்பியாகவே இருக்கலாம், ஆனால் செவிநரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இராமேஸ்வரம் தீவிலிருந்து மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 55 கிலோமீட்டர். முதல் பஸ்ஸிலேயே புறப்படுங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள், ஸ்டீராய்டு எழுதும் முன் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.